புளியங்கொட்டை நிறத்தில் பதினாறு முட்டைகள்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று காலை பதினாறு முட்டைகள் இன்குபேட்டருக்குள் போயின. இன்குபேட்டர் என்பது பெரிய வார்த்தை. ஒரு தெர்மகோல் பெட்டி, அதற்குள் குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன விசிறி, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, ஓரமாகச் சாய்த்து வைத்த கண்ணாடித் தெர்மாமீட்டர். எல்லாம் தண்டபாணியின் கைவேலை. டைரியில் மட்டும்தான் கணவரைப் பெயர் சொல்லி எழுதுகிறேன். வாயில் இன்றுவரை வந்ததில்லை.

முட்டைகள் அவர் வளர்க்கும் மாரான் கோழிகளுடையவை. பிரெஞ்சு இனமாம். பாலக்காட்டில் ஒருவரிடமிருந்து ஒரு சேவலும் நான்கு பெட்டைகளும் வாங்கி வந்து இரண்டு வருடம் ஆகிறது. முட்டை ஒவ்வொன்றும் புளியங்கொட்டை நிறம், அதே பளபளப்பு. பார்க்க அழகுதான். பொரித்தால் அல்லவா? போன வருடம் இரண்டு தடவை வைத்தார். இரண்டு தடவையும் ஒரு குஞ்சுகூட இல்லை. கூமுட்டை நாற்றம் சாமான் அறையைவிட்டுப் போக ஒரு மாதம் ஆயிற்று.

இந்த முறை நிபந்தனை போட்டிருக்கிறேன். சிங்காநல்லூரில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டில் குடியிருப்பவர்கள் பிப்ரவரி கடைசியில் காலி செய்கிறார்கள். பத்தொன்பது வருடமாகக் கிணத்துக்கடவிலிருந்து கல்லூரிக்குப் பஸ்ஸில் போய் வருகிறேன். அவரும் கூட்டுறவு சொசைட்டி வேலையிலிருந்து முன்கூட்டியே வெளியே வந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு "போதும்" என்றார், அவ்வளவுதான். இனி எங்களை இந்தத் தோப்பில் பிடித்து வைத்திருப்பது கோழிகள் மட்டும்தான். ஆகவே பாதி பொரித்தால் இங்கேயே இருப்போம். இல்லையென்றால் கோழிகளைக் கொடுத்துவிட்டுக் கோவை.

"எட்டுன்னா எட்டு. அப்பறம் ஓட்டுக்குள்ள ஒண்ணு கத்துச்சு, அதையும் சேத்துக்கன்னு வரக்கூடாது" என்றேன்.

"நீயே எண்ணு. நீதான கணக்கு டீச்சர்" என்றார்.

நான் கணக்கு டீச்சர் இல்லை, புள்ளியியல். பதினாறு முட்டைகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் ஒப்புக்கொண்டார். எனக்கு அது போதும்.

ஜனவரி 21, செவ்வாய்

பகல் பதினொரு மணிக்கு வீடு முழுக்க டியூப்லைட். கல்லூரிக்கு விடுமுறை என்பதால் நேரில் பார்க்க நேர்ந்தது. அணைத்துக்கொண்டே போனேன். அவர் போட்டுக்கொண்டே வந்தார். கேட்டால், "இந்த வீடு எப்பவும் இருட்டு, தென்னை மறைக்குது" என்கிறார். கட்டியபோதும் தென்னை இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

முட்டையை ஒரு நாளைக்கு மூன்று தடவை திருப்ப வேண்டும். எதைத் திருப்பினோம், எதை விட்டோம் என்று குழம்பாமல் இருக்க ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம், பென்சிலால். திருப்பி முடித்தால் எல்லா முட்டையிலும் ஒரே குறி மேலே இருக்க வேண்டும். சாயங்காலம் மூடியைத் திறந்தால் ஒன்பதில் பெருக்கல், ஏழில் வட்டம். சிலது இரண்டு முறை திரும்பியிருக்கிறது, சிலது திரும்பவே இல்லை. பத்தாம் வகுப்புப் பையன்கூட இப்படிச் செய்யமாட்டான்.

"கறுத்த ஓட்டுல பென்சில் எங்க தெரியுது?" என்றார்.

எனக்குத் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நன்றாகவே தெரிகிறது.

அதோடு முடியவில்லை. "சூடு முப்பத்தேழரை. ஊசி வெச்ச மாதிரி நிக்குது" என்று வாசற்படியில் நின்றே சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். முப்பத்தாறுதான் இருந்தது. பெட்டி நாலு நாளாகக் குளிர்ந்து கிடந்திருக்கிறது. திருகைக் கொஞ்சம் கூட்டி, பாதரசம் ஏறும்வரை அரை மணி நேரம் காத்திருந்தேன்.

கூட்டாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் மார்ச்சில் நான் கோவையில் இருப்பேன், பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஜெயித்தால் அது ஜெயிப்பில்லை. இனிமேல் தெர்மாமீட்டரை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "சரி, பாரு" என்றார்.

ஜனவரி 25, சனி

கல்லூரிக்கு வைத்துக்கொள்ளும் அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு அட்டை காலியாகக் கிடந்தது. புது அட்டை. தேடினால் பதினாறு பொட்டும் பதினாறு முட்டைகளின் மேல். பென்சிலுக்குப் பதில் இதுவாம். அரக்கு நிற ஓட்டில் அரக்கு நிறப் பொட்டை ஒட்டினால் என்ன தெரியும்? நாலு முழம் தள்ளி நின்றால் எனக்கே தெரியவில்லை. வெள்ளையாக ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருக்கலாமே என்றேன். "இதே போதும்" என்றார். பிடிவாதம்.

பக்கத்துத் தோட்டத்து ரங்கமணி அக்கா பால் கொடுக்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு மோட்டார் ரூம்வரை கேட்டிருக்கும்.

"ஏனுங் டீச்சர், முட்டைக்குப் பொட்டு வெச்சாச்சு. பூ வெச்சு, கைக்கு வளையல் போட்டு, அஞ்சு வகைச் சோறும் ஆக்கிப்போட்டா வளைகாப்பு முடிஞ்சுதுங்."

"சோறு நீங்க ஆக்குங்கக்கா, நான் வந்து சாப்பிட்டுக்கறேன்" என்றார் இவர். அக்கா நீட்டிய பால் சொம்புக்குச் சாணளவு தள்ளிக் கை நீட்டினார். அக்காதான் அவர் கையைப் பிடித்துச் சொம்பை அதில் வைத்தார். பேச்சு மும்முரத்தில் எதையும் கவனிப்பதில்லை இந்த மனிதர்.

ஆச்சரியம் ஒன்று: இன்று எல்லாப் பொட்டும் ஒரே பக்கம்தான் இருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

முட்டைக்கு டார்ச் அடித்துப் பார்க்கும் நாள். வெள்ளை முட்டையென்றால் ஒரு வாரத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள். சிவப்பாக நரம்புகள் பிரிந்து ஓடும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். இந்த முட்டையில் ஒன்றுமில்லை. சாமான் அறை ஜன்னலுக்குத் துண்டு கட்டி, கதவைச் சாத்தி, டார்ச்சின் வாயில் முட்டையின் அகன்ற பக்கத்தை உட்கார வைத்துப் பார்த்தேன். மேலே ஒரு ரூபாய் அகலத்துக்கு மங்கலாக ஆரஞ்சு. அது காற்றறை. அதற்குக் கீழே அடர்ந்த பழுப்பு. குஞ்சும் தெரியவில்லை, கருவும் தெரியவில்லை. இருபது நிமிஷம் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அவர் என் தோள் வழியாக எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தார். "இதுல உசுரு இருக்குது." "இது கூமுட்டை." "இதுல பாரு, சும்மா சிலந்தி மாதிரி நரம்பு." அத்தனை உறுதி. எனக்கு எரிச்சல். ஆறாவது முட்டையைக் கீழே வைப்பதுபோல் வைத்து அதையே மறுபடி டார்ச்சின் மேல் ஏற்றினேன். முதலில் உசுரு என்றார். இரண்டாம் தடவை கூமுட்டை என்றார்.

பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே சொல்லவில்லை. எல்லாம் ஊகம், அடித்துவிடுவது. கோழி வளர்ப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் போலிருக்கிறது. எதையும் கழிக்காமல் பதினாறையும் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

"இந்த டார்ச்சு செரியில்ல. வெளிச்சம் பத்தல" என்றார்.

ஜனவரி 29, புதன்

பெங்களூரிலிருக்கும் மகளிடம் சொல்லி புது டார்ச் வரவழைத்திருக்கிறார். சார்ஜ் போடும் வகை. இது வீட்டில் நாலாவது டார்ச். சுவரில் அடித்தால் கண் கூசுகிறது. "இதுவும் மங்கல்தான்" என்கிறார்.

ஜனவரி 30, வியாழன்

கல்லூரியில் மாடல் தேர்வு. எழுபது விடைத்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து தோப்புவரை இருட்டில் நடை. வண்டி எடுத்து வந்து கூட்டிப்போனால் என்ன என்று கேட்டேன். மூன்று மாதமாகச் சாயங்காலத்தில் வண்டியைத் தொடுவதில்லை. "ஹெட்லைட் போச்சு" என்கிறார். மாற்றக்கூடாதா? ஒரு மனிதனுக்கு இவ்வளவு சோம்பல் எங்கிருந்து வரும்?

பிப்ரவரி 2, ஞாயிறு

என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுகிறேன்.

மத்தியானம் மறுபடியும் சாமான் அறை. பாதி நாட்களைத் தாண்டிவிட்டதால் இப்போது உயிருள்ள முட்டை அடியில் கறுத்திருக்கும், காற்றறையின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். இந்த ஓட்டிலும் அந்த விளிம்பு மட்டும் ஓரளவு பிடிபட்டது. பத்து முட்டை பார்த்தேன். ஏழு நன்றாக இருந்தன, இரண்டு சந்தேகம், ஒன்று மோசம். அவர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தன் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்கவில்லை.

பதினொன்றாவதை ஏற்றிய சமயத்தில் டார்ச் இரண்டு தடவை சிமிட்டி அணைந்தது. ராத்திரி சார்ஜ் போட மறந்திருக்கிறேன். அறை முழு இருட்டு. கையில் இருந்த முட்டைகூட எனக்குத் தெரியவில்லை. "இருங்க" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆ, இதப் பாரு" என்றார். "இது அசையுது. நரம்பு எப்படி ஓடுது பாத்தியா, கோகிலா?"

நான் அசையவில்லை.

"தெரியுதா?"

"ம்" என்றேன்.

"நாந்தான் சொன்னனே."

மீதி ஐந்து முட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அணைந்த டார்ச்சின் மேல் வைத்து, எடுத்தேன். மூன்றில் உசுரு என்றார். இரண்டு கூமுட்டை.

பிப்ரவரி 3, திங்கள்

கல்லூரி. விடைத்தாள் திருத்தவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டுச் சீக்கிரம் வந்து, காலியாகக் கிடக்கும் மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்று பார்த்தேன். கிணற்றுமேட்டிலிருந்து கோழிக்கூட்டுக்கு நடந்தார். குனியவில்லை, தடுமாறவில்லை. தாழ்ப்பாளைத் தேடவே இல்லை, கை நேராக அதன் மேல் போய் நின்றது. தீவனத் தட்டைக் காலால் தொட்டுப் பார்த்து அதில் கொட்டினார். பெட்டைகள் வந்ததும் ஒவ்வொன்றின் முதுகையும் தடவினார். தெரியாதவர்கள் பார்த்தால் பிரியம் என்பார்கள். பிரியமும்தான். ஆனால் அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் முற்றத்தில் நகர்த்தி வைத்திருந்த நாற்காலியில் திரும்பி வரும்போது இடித்துக்கொண்டார். நாற்காலியைத்தான் திட்டினார்.

பிப்ரவரி 5, புதன்

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன்: "வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் போறோம். கண் ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்கு?"

"சக்கரை பன்னெண்டு வருஷமா இருக்குது. ஒரு தடவ பாத்தரலாம்."

"குஞ்சு பொரிக்கட்டும். அப்பறம் போலாம். இப்ப விட்டுட்டுப் போனா சூட்ட யாரு பாக்கறது?"

"சூட்ட நாந்தான பாக்கறேன்."

அவர் சப்பாத்தியைக் கிழித்துக்கொண்டிருந்தார். கிண்ணம் எங்கே இருக்கிறதென்று விரல் முதலில் தொட்டுப் பார்த்தது. இதை நான் எத்தனை நாளாகப் பார்க்கிறேன்?

"அன்னிக்கு டார்ச் எரியலைங்க" என்றேன். "பதினொண்ணாவது முட்டைல அணஞ்சு போச்சு."

கிழித்த சப்பாத்தியைத் தட்டில் வைத்தார். "நீ ஒண்ணும் சொல்லல. அதனால எரியுதுன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தாறு வருடத்தில் இப்படிக் கத்தியதில்லை. எவ்வளவு நாளா? ஏன் சொல்லல? வேலைய விட்டதும் இதனாலதானா? அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னா அடுத்த நாளே ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்ப. போமாட்டியா?"

"போயிருப்பேன். ஆஸ்பத்திரி பக்கத்துல."

"இங்க கெணத்துமேடு எங்கன்னு தெரியும். கூட்டுத் தாழ்ப்பாள் எங்கன்னு தெரியும். எந்தக் கோழி எங்க அடையும்னு தெரியும். அங்க நாலாவது மாடீல எனக்கு என்ன தெரியும்? லிப்ட்டுல எந்தப் பட்டன் எதுன்னு தடவிட்டு நிக்கோணும்." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "முன்ன ரெண்டு தடவையும் சூட்டத் தப்பாப் படிச்சு நாந்தான் கொன்னுபோட்டேன். அது தெரியும் எனக்கு" என்றார்.

பிறகு, "வெள்ளிக்கெழமை எத்தன மணிக்கு?" என்றார்.

பிப்ரவரி 7, வெள்ளி

நேற்றோடு திருப்புவது முடிந்துவிட்டது. இனி பொரிக்கும்வரை திறக்கக்கூடாது. ரங்கமணி அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். "கரன்ட் போனா இன்வெர்ட்டர் எடுத்துக்கும், நீங்க பொட்டியத் தொடவேண்டாம்" என்று மூன்று தடவை சொன்னேன்.

"ஏனுங், நான் பதினஞ்சு அடை வெச்சவளுங். தெறந்து பாக்கறதுக்கு நான் என்ன டீச்சரா?"

ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை. கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார்கள், வேறு அறைக்கு அனுப்பினார்கள், படம் எடுத்தார்கள், திரும்ப உட்கார வைத்தார்கள். டாக்டர் என் மாணவிகள் வயதுப் பெண். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. வலது கண்ணுக்குச் செய்ய ஒன்றுமில்லை. விழித்திரை போய்விட்டது. இடது கண்ணுக்குள் ரத்தக் கசிவு. மாதம் ஓர் ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். போனதைக் கொண்டுவர முடியாது.

"நீங்க கூடவேதான இருக்கீங்க மேடம். ஒண்ணும் கவனிக்கலையா?" என்று என்னைக் கேட்டாள்.

கவனித்தேன். ஒன்றுவிடாமல் கவனித்தேன். ஒவ்வொன்றுக்கும் கோபித்துக்கொண்டேன்.

முதல் ஊசி இன்றே போட்டார்கள். கண்ணில் கட்டோடு பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். எங்கள் ஸ்டாப் வருவதற்கு முன் தானாகவே விழித்தார். வளைவு இரண்டு தாண்டினால் தெரிந்துவிடுமாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கணக்குப்படி இன்று பொரிக்க வேண்டும். ஒன்றுமில்லை. எந்த ஓட்டிலும் விரிசல் இல்லை. பெட்டி மூடியில் பதித்த கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுப்பாக இருக்கிறது. பதினாறும் புளியங்கொட்டை மாதிரி அசையாமல் கிடக்கின்றன. ஒன்றைத் தட்டிப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது.

"ஆரம்பத்துல சூடு கொறஞ்சுதில்ல, நாள் தள்ளும்" என்றார் அவர்.

அவர் பயப்படுகிறார். அதைக் காட்டிக்கொள்ளாமல் ரேடியோ கேட்கிறார்.

பிப்ரவரி 10, திங்கள்

லீவு போட்டேன். காரணம் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

காலையில் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தெர்மகோல் சுவரில் காதை வைத்தார். "விசிறிய நிறுத்து" என்றார். நிறுத்தினேன். "பின்னாடி வரிசைல, செவுத்தோரம். கேக்குதா?"

கேட்கவில்லை. என் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஓடு முழுசாக இருந்தது. சும்மா சொல்கிறார் என்று வழக்கம்போல நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, பின்வரிசையில் சுவரோரம் இருந்த முட்டையில் பொட்டுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு சின்ன விரிசல்.

சாயங்காலத்துக்குள் ஐந்து. கறுப்பாக, நனைந்த துடைப்பம் மாதிரி அசிங்கமாக இருக்கின்றன. காலில் முடி. ஒன்று இன்னொன்றின் தலையில் ஏறி மிதித்துக்கொண்டு கத்துகிறது. ரங்கமணி அக்கா வந்து பார்த்துவிட்டு, "அட கெரகமே, இதுக்கா இத்தன பாடு? காக்காய்க் குஞ்சாட்டம் இருக்குதுங்" என்றார். அவர் சிரித்தார். ஊசிக்குப் பிறகு முதல் தடவையாக.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் இன்னும் இரண்டு. மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஒன்பது முட்டை மீதி. ஒன்றை மட்டும் அவர் காதில் வைத்துக்கொண்டு, "இதுல இருக்குது, மெதுவாத் தட்டுது" என்று நேற்று ராத்திரியே சொல்லியிருந்தார். இன்று மறுபடி காதில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு தனியாக ஓரத்தில் வைத்துவிட்டார்.

இருட்டுவதற்கு முன் குஞ்சுகளைப் பெட்டியிலிருந்து கூடைக்கு மாற்றினோம். நான் கூடையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் ஒரு கணம் பொத்தி வைத்து, கூடைக்குள் விட்டார். ஏழு தடவை கை உள்ளே போய் வந்தது. எட்டாவது தடவை போன கை தெர்மகோல் மூலை நாலையும் தடவிவிட்டு வெறுமனே வந்தது.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கண் கட்டு எடுத்தாகிவிட்டது. முகம் கூடையின் பக்கம் இருந்தது, ஆனால் கூடையைப் பார்க்கவில்லை. டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

"நீ எண்ணு" என்றார். "எண்ணறேன்னு சொன்னீல்ல."

நான் கூடைக்குள் பார்த்தேன். ஏழு. ஒன்றின் மேல் ஒன்றாக மூலையில் குவிந்து கிடந்தன. இருந்தாலும் ஏழை ஏழாகத்தான் எண்ண முடியும். இருபத்தைந்து வருடமாக இதைத்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். கைக்கு வந்த எண் பிடிக்கவில்லையென்றாலும் மாற்றாதே.

சிங்காநல்லூரிலிருந்து கல்லூரிக்கு நடந்தே போகலாம். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். இங்கிருந்து மாதம் ஒரு தடவை பஸ்ஸில் போக வேண்டும். வளைவு இரண்டு தாண்டினால் எழுப்பாமலே விழித்துக்கொள்வார்.

"எட்டு" என்றேன்.

கை முழங்காலின் மேல் அப்படியே நின்றது.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை குரல் என்று அவருக்குத் தெரியும்.

"கோகிலா."

"ம்?"

"டார்ச் எரியுதா?"

"எரியுதுங்க" என்றேன்.